முதல் படத்துக்குக் காசு கேட்டுப் போனபோது

"டெலிஃபிலிம் காசு எங்களுக்கும் கிடைக்குமா அக்கா?" என்று டொராண்டோவின் ஸ்காபரோவில் படமெடுக்க நினைக்கும் நம் பிள்ளைகள் கேட்பார்கள். படங்களுக்கு நிதி தரும் கனடா அரசு நிறுவனமான டெலிஃபிலிமைத்தான் சொல்கிறார்கள். கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. அலைச்சல்தான் கொஞ்சநஞ்சமில்லை.

டெலிஃபிலிம் கனடாவின் 'டேலண்ட் டு வாட்ச்' நிதித் திட்டம் முதல் முழுநீளப் படம் எடுப்பவர்களுக்கானது. டெலிஃபிலிம் ஏற்றுக்கொண்ட திரைப்பட அமைப்பு ஒன்று பரிந்துரைத்தால் போகலாம். அங்கே நம்மை யாருக்குத் தெரியும்? வாய்ப்புக் குறைந்த சமூகத்தவர் நேரடியாக விண்ணப்பிக்கவும் பிறகு ஒரு வழி திறந்தார்கள். நான் போனது அதனால்தான்.

தான் நிதி தரும் படங்களில் 2020க்குள் பெண்களுக்குச் சமபங்கு என்று டெலிஃபிலிம் 2016இல் அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் எல்லாப் பெண்களையும் ஒரே கணக்கில் போட்டால், வெள்ளைப் பெண்கள் கூடினாலே இலக்கு எட்டிவிடும்.

தயாரிப்பாளர் தேடியதுதான் பெரும்பாடு. ஒரு நிறுவனத்தில் கதையை வாசித்துவிட்டு, அதில் வரும் மகளுக்கு ஒரு வெள்ளைக்காரத் தோழியைச் சேர்க்க முடியுமா என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். கடைசியில், பகலில் கணக்காளராக இருக்கும் நம்மூர்ப் பெண் ஒருத்தி தயாரிப்பாளரானாள். பட்ஜெட் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

கதையின் உரிமை நம்மிடம்தான் இருக்கிறது என்பதற்கும் கடதாசி வேண்டும். அம்மாவின் வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை என்பதால் அவவிடமும் ஒப்புதல் வாங்கினோம். "பெத்த தாயிட்டையும் கையெழுத்தோ?" என்று மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டே போட்டா.

கதையில் அனிஷினாபே என்ற கனடியப் பூர்வகுடியைச் சேர்ந்த அயலவர் ஒருவர் வருகிறார். பூர்வகுடியினரைத் திரையில் காட்டுவது பற்றி இமேஜின்நேட்டிவ் என்ற பூர்வகுடித் திரைப்பட விழா அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டியை வாசித்தேன். பிறகு எனக்குத் தெரிந்த அனிஷினாபே படத்தொகுப்பாளரிடம் போனேன். அவளுக்கு அழைப்புக்குக் குறைவில்லை, எல்லாம் 'ஆலோசனை' கேட்டுத்தான். இரண்டு காட்சியை வாசித்துச் சொல்லு என்பார்கள். காசும் இல்லை, டைட்டிலில் பேரும் இல்லை. எடிட்டிங்குக்கு மட்டும் வேறு ஆள். "என்னை எடிட்டராகப் போடு, அந்தப் பாத்திரத்தைப் பற்றியும் பேசலாம்" என்றாள். பட்ஜெட்டில் அவள் பெயரும் முழுச் சம்பளமும் ஏறின.

பூர்வகுடித் தோழிகளுக்கு 2018இல் தொடங்கிய இண்டிஜினஸ் ஸ்கிரீன் ஆஃபிஸ் தனியாக நிதி தருகிறது. அங்கே முடிவெடுப்பதும் அவர்களே. நம்மவர்களே, முதலில் தயாரிப்பாளரைப் பிடியுங்கள். படிவத்தை ஒரு வாரத்தில் நிரப்பிவிடலாம்.