ஒரு கிரீடத்தின் பின்னால் போன பயணம்

எடின்பரோ கோட்டைக்குள் நுழையும்வரை எங்கள் ஸ்காட்லாந்து பயணத்துக்கு இருந்த திட்டம் ஒன்றுதான்: சில கோட்டைகள், நல்ல சாப்பாடு. கிரீட அறையில் அது மாறிப்போனது.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கிரீடம், ஒரு செங்கோல், ஒரு வாள். கிரீடம் இன்றைய வடிவத்தைப் பெற்றது 1540இல், ஸ்காட்லாந்து மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ் காலத்தில். வாள் முன்னால்தான் மனைவி அதிக நேரம் நின்றாள். ஒளித்துக் கடத்துவதற்காக அதன் அலகை ஒருமுறை இரண்டாக உடைத்திருக்கிறார்கள். “எங்கே ஒளித்தார்களோ அங்கே போகலாம்” என்றாள். சரி என்றேன்.

அன்றிரவு லீத் துறைமுகப் பகுதியில் ‘தி கிச்சின்’ உணவகம். பழைய விஸ்கிக் கிடங்கு ஒன்றை மாற்றி அமைத்தது. ‘ஸ்பூட்ஸ்’ என்று அங்கே சொல்லும் நீளமான சிப்பியை அதன் ஓட்டிலேயே வைத்துத் தந்தார்கள். பொடியாக நறுக்கிய காய்கறி, எலுமிச்சை வாசம், அடியில் கடலின் மெல்லிய உப்பு. விலை அதிகம்தான். ஆனால் அந்தச் சிப்பிக்காகவே இன்னொரு முறை போவேன்.

மறுநாள் ரயிலில் ஸ்டர்லிங். 1543இல் ஒன்பது மாதக் குழந்தையான ஸ்காட்லாந்து அரசி மேரிக்கு முடிசூட்டியது இந்தக் கோட்டையில்தான். கிரீடம், வாள், செங்கோல் மூன்றையும் சேர்த்து முதன்முதலில் பயன்படுத்தியதும் அன்றுதான். மஞ்சள் சுண்ணாம்பு பூசிய பெரிய மண்டபம் வெயிலில் தூரத்திலிருந்தே தெரிந்தது.

அப்புறம் வடக்கே, ஸ்டோன்ஹேவன். அங்கிருந்து கடலோரப் பாதையில் நடந்தால் முக்கால் மணி நேரத்தில் டனாட்டர் கோட்டை. மூன்று பக்கமும் கடல். நடுவே செங்குத்தான பாறை. அதன்மேல் இடிந்த சுவர்கள். படிகளில் இறங்கி, மறுபடி ஏறித்தான் வாசலை அடைய முடியும். மூச்சு வாங்கியபோது, கிரீடத்தைக் கைப்பற்ற வந்த இங்கிலாந்துத் தளபதி குரோம்வெல்லின் படை எட்டு மாதம் வெளியே காத்துக் கிடந்தது ஏன் என்று புரிந்தது.

1652 மே மாதம் கோட்டை பணிந்தது. உள்ளே வந்தவர்களுக்குக் கிரீடம் கிடைக்கவில்லை. கினெஃப் ஊர்ப் பாதிரியாரின் மனைவி கிறிஸ்டியன் ஃபிளெட்சர் அதற்கு முன்பே அதை வெளியேற்றியிருந்தார். துணிமணி, சணல் மூட்டைகளுக்குள் வைத்துக் காவலைத் தாண்டினார் என்பது ஒரு கதை. கயிற்றில் கட்டிக் கடற்கரைக்கு இறக்க, கீழே கடற்பாசி பொறுக்குவதுபோல் நின்ற பணிப்பெண் கூடையில் வாங்கிக்கொண்டாள் என்பது இன்னொன்று. பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்தபிறகு இரண்டாவதைத்தான் நம்பத் தோன்றுகிறது.

மதியம் ஸ்டோன்ஹேவன் துறைமுகத்தில் ‘கல்லன் ஸ்கிங்க்’. புகையில் வாட்டிய ஹேடக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். அவ்வளவுதான் பொருள்கள். குளிர்காற்றில் நடந்து வந்தவர்களுக்கு அந்தச் சூப்புக்கு மேல் எதுவும் வேண்டாம். லீத் சிப்பியைவிட இதுதான் எனக்கு நெருக்கம்.

மாலை டாக்ஸியில் கினெஃப். வயல்களுக்கு நடுவே ஒரு சிறு தேவாலயம். இப்போதுள்ள கட்டடத்தில் பெரும்பகுதி 1738இல் எழுந்தது. இந்த இடத்தில்தான் தரைக்கல்லுக்கு அடியில் 1660வரை கிரீடமும் செங்கோலும் வாளும் புதைந்திருந்தன. ஈரத்தில் கெட்டுவிடாமல் இருக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதிரியாரும் கிறிஸ்டியனுமாக இரவில் தோண்டியெடுத்து நெருப்பருகே காயவைப்பார்களாம்.

மனைவி குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது என்றாள்.