உப்புக் காற்றுக்கும் கரண்ட் கட்டுக்கும் நடுவே ஒரு ஹை-ஃபை

மண்டபத்தில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு. கான்கிரீட் கூரை, மொசைக் தரை, 12-க்கு 14 அடி கூடம். ஒரு ஜோடி சிறு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப், கைபேசியில் பாட்டைத் தேடிப் போடும் வசதி, வேண்டியது இவ்வளவுதான். ஒலித் தரத்தைப் பற்றி 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் இந்த மாதிரி அமைப்பைச் சாகடிப்பவை சொல்லாமல் போகும் கரண்ட்டும் உப்பும்தான். ஒவ்வொரு பொருளையும் அந்த இரண்டையும் மனதில் வைத்தே தேர்ந்தோம்.

மூளையாக 2 ஜிபி ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினிப் பலகை, இனி சுருக்கமாக 'பை'. முதலில் ஏற்றிய மென்பொருள் நன்றாகவே பாடியது. மூன்றாவது கரண்ட் கட்டுக்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு அமைப்பு சிதைந்துவிடும். அதனால் பாட்டுக்கென்றே செய்த பைகோர்பிளேயர் என்ற இயங்குதளத்துக்கு மாறினோம். துவங்கும்போதே தன்னை முழுக்க ரேமில் ஏற்றிக்கொண்டு அங்கிருந்தே ஓடுவது அதன் குணம். சும்மா பாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கினாலும் கார்டுக்குப் பெரிய ஆபத்தில்லை.

பாடல்களை நிர்வகிக்கும் சர்வர், லிரியன் மியூசிக் சர்வர். ஸ்லிம் டிவைசஸ் தொடங்கி, 2006-ல் லாஜிடெக் வாங்கிய ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற பாட்டுக் கருவிகளின் சர்வர்தான் இது. 2012-ல் அந்தக் கருவிகள் நின்றுபோனாலும் மென்பொருளை ஆர்வலர்கள் விடவில்லை. 2024-ல் லாஜிடெக் மீடியா சர்வர் என்ற பெயர் மட்டும் மாறியது. பழைய சுருக்கமான எல்எம்எஸ் இப்போதும் பொருந்துகிறது.

8 ஜிபி கார்டே போதும். பைகோர்பிளேயரின் படிமக் கோப்பை அதில் எழுதி, பையில் செருகி, ரூட்டரோடு லேன் கேபிளில் இணைத்து, ரூட்டரின் பட்டியலில் ஐபி எண்ணைப் பார்த்து பிரவுசரில் திறக்க வேண்டும். முதல் வேலை, முகப்புப் பக்கத்தில் கோப்பு அமைப்பின் அளவைக் கூட்டுவது. ஆரம்பத்தில் கார்டில் மிகச் சிறிய இடம்தான் ஒதுக்கப்பட்டிருக்கும். இதை விட்டுவிட்டு நேராக எல்எம்எஸ் நிறுவப் போனால் இடமில்லை என்று பாதியில் நிற்கும். இன்னொன்று: ரேமில் ஓடுவதால், கைப்பட மாற்றிய எதையும் பேக்கப் பொத்தானை அழுத்திச் சேமிக்காவிட்டால் அடுத்த முறை துவங்கும்போது காணாமல் போய்விடும்.

பையிலேயே இருக்கும் 3.5 மிமீ துளையை மறந்துவிடலாம், இரைச்சல் அதிகம். டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான சிக்னலாக மாற்றும் டாக் பலகை ஒன்றை, பையின் தலைமேல் செருகும் வகையில் வாங்கினோம். பலகையில் எந்தச் சிப் என்று பார்த்துத்தான் பைகோர்பிளேயரின் ஒலி வெளியீட்டுப் பட்டியலில் தேர்வு செய்ய வேண்டும். பிசிஎம் 5102 என்றால் ஹைஃபைபெர்ரி டாக். பிசிஎம் 5122 என்றால் ஹைஃபைபெர்ரி டாக் பிளஸ். மாற்றிப் போட்டால் சத்தம் வராமல் போகலாம். "பலகை டெட்" என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் பாதி இந்தத் தவறாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 5122-ல் சிப்புக்குள்ளேயே வால்யூம் உண்டு. 5102-ல் கிடையாது, மென்பொருள்தான் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். பைக்கு வேண்டியது 5.1 வோல்ட், 3 ஆம்பியர். மெல்லிய சார்ஜிங் கேபிளில் போகும் வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும், 4.63-க்குக் கீழே போனதும் பலகையின் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரியும். பாட்டில் டிக் டிக் என்று வெட்டு விழுந்தால் முதலில் அந்த விளக்கைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் செருகினால் நிலைமை இன்னும் மோசம். பை 4-ன் யுஎஸ்பி துளைகள் எல்லாம் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும், பழைய டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதைத் தாண்டும். பாடல்களுக்கு 256 ஜிபி பென்டிரைவே போட்டோம். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பு, சிடி தரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 எம்பி. ஐந்தாறு பாட்டு உள்ள தமிழ்ப் பட ஆல்பம் 170 எம்பிக்குள் அடங்கிவிடும்; ஆயிரம் ஆல்பம் தாராளமாகக் கொள்ளும். பென்டிரைவை எக்ஸ்ட்4 வடிவில் ஃபார்மேட் செய்தால் நேராக மவுன்ட் ஆகும். என்டிஎஃப்எஸ் என்றால் அதற்கான கூடுதல் தொகுப்பை எல்எம்எஸ் பக்கத்திலேயே முதலில் நிறுவ வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்பியது ஒரு தவறு. பின்புற ஸ்விட்ச் நார்மலில் இருந்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் பை ஒருமுறை செத்துப் பிழைக்கும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாற்றம் வேகமாக நடக்கும். ஆனால் அதில் வோல்டேஜ் வரம்பு குறுகலானது. மாலையில் லைன் 180-க்குக் கீழே இறங்கினால், கரண்ட் இருக்கும்போதே பேட்டரிக்குத் தாவிக் காலியாக்கிவிடும். ரூட்டருக்கு விற்கும் சின்ன மினி யுபிஎஸ் தீர்வானது: 12 வோல்ட் ரூட்டருக்கு, 5 வோல்ட் பைக்கு. பென்டிரைவோடு பை குடிப்பது 3, 4 வாட்தான். ஆம்ப் அணைந்தால் அணையட்டும். சர்வர் விழித்தே இருக்கும். பாடல்களை ஸ்கேன் செய்யும்போது எல்எம்எஸ் கார்டில் நிறைய எழுதும் என்பதால் இந்தப் பாதுகாப்பு அப்போது கட்டாயம்.

ஆம்ப், 24 வோல்ட் அடாப்டரில் ஓடும் கிளாஸ் டி வகை. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய ஆம்ப் ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டரில் வண்டு போல ரீங்காரமிடும். அடாப்டருக்கு 100 முதல் 240 வோல்ட் வரை எல்லாம் ஒன்றுதான்.

ஆம்ப்பை டிவியோடும் இணைத்தவுடன் ஒரு 'உம்ம்ம்' வந்தது. செட்டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றியதும் நின்றது. வெளியிலிருந்து வரும் அந்த கேபிளின் உறை வேறொரு எர்த்தைக் கொண்டு வருகிறது. டிவியிலிருந்து ஆப்டிகல் கம்பி வழியாக எடுத்தால் மின்தொடர்பே இல்லை, உம்மும் இல்லை.

நெட்வொர்க்கில் படுத்தியது வேகம் கிடையாது. சிடி தரம் நொடிக்கு 1411 கிலோபிட். சாதாரண வைஃபை இதைத் தூங்கிக்கொண்டே கொடுக்கும். சிக்கல் இரண்டு ரூட்டர் இருப்பதில். ஃபைபர் பெட்டியில் ஒரு வைஃபை, உள்ளறைக்கு வாங்கிப்போட்ட ரூட்டரில் இன்னொன்று. பை ஒன்றில், கைபேசி மற்றதில் இருந்தால், சர்வரைத் தேடும் அழைப்பு அந்த எல்லையைத் தாண்டாது. 'சர்வர் இல்லை' என்றே செயலி சொல்லும். இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் தீர்ந்தது. அந்த வசதி இல்லையென்றால் ஐபி எண் வழங்கும் அதன் டிஎச்சிபியை அணைத்து, ஐபி எண் முதல் ரூட்டரோடு மோதாமல் மாற்றி, கேபிளை லேன் துளையில் செருகுங்கள். பைக்கு ரூட்டரிலேயே நிரந்தர ஐபி ஒதுக்கிவிட்டால் கரண்ட் வந்த பிறகும் முகவரி மாறாது. ஃபைபர் அறுந்து இரண்டு நாள் இணையம் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் பாட்டு நிற்காது. சொந்தக் கோப்புகளை வைத்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

அதிக நேரம் தின்றது டேக், அதாவது ஒவ்வொரு கோப்புக்குள்ளும் பாடகர், ஆல்பம் பெயர்களை எழுதும் வேலை. தமிழ்ப் பட ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு பாடகர். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தைக் காலியாக விட்டால் படங்கள் எல்லாம் 'பலர்' என்ற ஒரே மூட்டையில் போய் விழும். அங்கே இசையமைப்பாளர் பெயரை இட வேண்டும். அதிலும் ஒரே எழுத்துக்கூட்டல் முக்கியம்: ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதிய இளையராஜா பட்டியலில் மூன்று பேராக நிற்பார். தமிழிலேயே எழுதினோம், குழப்பம் ஒழிந்தது. எம்பி3டேக் மென்பொருளில் ஐம்பது ஆல்பத்தை ஒன்றாகத் தேர்ந்து மாற்றலாம். பாட்டின் வகையைக் குறிக்கும் ஜான்ர் இடத்தை ராக், பாப் என்று வீணாக்காமல், நாகூர் ஹனிபா பாடல்களுக்கு 'நோன்பு', கோயில் கொடை, சர்ச் பாடல்களுக்கு 'திருவிழா', மற்றவைக்கு 'இரவு' என்று கேட்கும் நேரத்தை வைத்தே பிரித்தோம். பழைய பதிவு மெதுவாகவும் புதியது காதைக் கிழிப்பதாகவும் இருக்கும். ஃபூபார் 2000 மென்பொருளில் சத்தத்தைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயின் அளவைக் கணக்கிட்டு, எல்எம்எஸ் ஆடியோ அமைப்பில் ஸ்மார்ட் கெயினைத் தேர்ந்தால் சமமாகும்.

இனி உப்பு. உப்புத் துகள் படிந்த இடம், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலோரத்தில் அநேகமாக எல்லா இரவும் அது நடக்கிறது. செம்பு முனைகளில் அதனால் ஏறும் பச்சை, படகில் ஜிபிஎஸ், வயர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலோரம் வைத்த எதுவும் தப்பாது. எனவே பெட்டியை உள்சுவர் பக்கம் வைத்தோம். மின்விசிறி உள்ள பெட்டி கூடாது, அது உப்பை உள்ளே இழுத்துக் கொடுக்கும், ஹீட்சிங்க் போதும். வைஃபையில் ஓட்டுபவர்கள் அலுமினியப் பெட்டியையும் தவிர்க்க வேண்டும், சிக்னல் குறையும். பையை அணைக்கவே வேண்டாம்: சூடான பலகையில் ஈரம் தங்காது, மாதத்துக்கு இரண்டு, மூன்று யூனிட்தான் செலவு. ஸ்பீக்கர் கம்பிக்கு வெறும் செம்பு வேண்டாம், வெள்ளீயம் பூசியது கேட்டு வாங்குங்கள். ஆர்சிஏ முனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஐந்தாறு முறை செருகி எடுத்தால், ஒரு பக்கம் சத்தம் போய்ப் போய் வருவது நிற்கும். பழைய ஸ்பீக்கர் வாங்குவதானால் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை மெதுவாக விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் என்றால் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் என்றால் நம்பலாம்.

கூடத்தில் கை தட்டினால் 'டிங்' என்று எதிரொலித்தது. கோரைப்பாய் விரித்தால் பெரிதாக மாறவில்லை, அது மெல்லியது. மூலையில் சுருட்டி நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தை செய்ததை எந்தக் கேபிளும் செய்யாது. ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து 45 செமீ முன்னால் இழுத்து, உட்காரும் இடத்தோடு சம முக்கோணமாக வைத்ததும் குரல் நடுவில் வந்து நின்றது.

இயக்குவதற்குப் பிரவுசரில் ஐபி எண், 9000 என்ற போர்ட். மெட்டீரியல் ஸ்கின் என்ற பிளக்இன் போட்டால் கைபேசிக்கு ஏற்ற முகம் கிடைக்கும், முகப்புத் திரையில் ஐகானாக வைக்கலாம். ஆண்ட்ராய்டில் ஸ்குவீசர் செயலியும் உண்டு. அதன் அறிவிப்புப் பட்டையிலிருந்தே நிறுத்தலாம். பாங்கு கேட்டதும் ஒரே தொடுதல். ஆம்ப்புக்கு ரிமோட் இல்லாததால் வால்யூமையும் எல்எம்எஸ்ஸிடமே விட்டோம். 'வெளியீடு 100 சதவீதத்தில் நிலையானது' என்ற தேர்வைத் தெரியாமல் தொட்டால் முதல் பாட்டிலேயே தெரு கூடிவிடும். பெரியவர்களுக்கு ஃபேவரிட்ஸில் ஆறு வரி மட்டும்.

வேலையெல்லாம் முடிந்ததும் கார்டின் முழு நகல் ஒன்றை எழுதி, இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறோம். மாற்றிச் செருக இரண்டு நிமிடம்.