மகனீசிய ஸ்டென்டில் ஹெப்பாரின் ஏன் நிற்பதில்லை?

ஸ்டென்ட் என்பது ஒடுங்கிய குருதிக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்; அதன்மேல் குருதி உறையாமலிருக்க ஹெப்பாரின் என்ற மருந்தைப் பூசுவார்கள். மகனீசியம் நஞ்சில்லை, நம் குருதியிலேயே இருக்கிறது. அது நீரோடு தாக்கமுற்று ஐதரசனையும் ஐதரொட்சைட்டையும் விடுவதுதான் தொல்லை. ஒரு கிராம் உலோகம் முழுதாகக் கரைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் ஐதரசன் வரும். உப்புக்கரைசலில் வெறும் உலோகத்தைப் போட்டால் பி.எச். 10ஐத் தாண்டிவிடும். அந்தக் காரத்தில் செங்குருதிக்கலங்கள் உடையும். ஆகவே முதலில் அரிப்பை அடக்க வேண்டும், ஹெப்பாரின் பிறகுதான். வரிசை மாறினால் அடியிலிருந்து கிளம்பும் குமிழி படலத்தைப் பெயர்த்துவிடும்.

டபிள்யூ.ஈ.43 என்ற மகனீசியக் கலப்புலோகத் தகட்டை (சுமார் 4% இற்றியம், 3% அருமண் உலோகங்கள்) சிலிக்கன் காபைட்டுத் தேய்ப்புத் தாளில் 400 முதல் 2000 இலக்கம் வரை தேய்க்கலாம். கடைசித் தாள்களுக்குத் தண்ணீர் வேண்டாம், எதனோல் போதும். நுவரெலியா, ஹற்றன் பக்கத்து ஈரக்காற்றில் தேய்த்த தகடு திறந்து கிடந்தால் மங்கிவிடும். சிலிக்கா ஜெல் உள்ள உலர்த்தியில் வையுங்கள்.

அடுத்து, அரிப்பை அடக்கும் ஐதரொட்சைட்டுப் படலத்தை வளர்க்க, தகட்டை 1 மூலர் சோடியம் ஐதரொட்சைட்டில், 60 பாகை செல்சியஸில், 24 மணிநேரம் வையுங்கள். பி.எச். 11க்கு மேல் ஐதரொட்சைட்டுப் படலம் கரையாது. புளோரைட்டுப் படலமும் நல்லதுதான். ஆனால் அதற்கு 40% ஐதரோபுளோரிக் அமிலம் வேண்டும். அந்த அமிலம் பட்டால் முதலுதவியாகப் பூசும் கல்சியம் குளுக்கோனேற்று ஜெல் கைவசம் இல்லாத ஆய்வுகூடத்தில் அந்தப் போத்தலைத் திறக்கவே கூடாது.

அதன்மேல், ஹெப்பாரினைப் பிடித்துவைக்கும் ஒட்டுப்படலமாக டோபமைன்: மில்லிலீற்றருக்கு 2 மில்லிகிராம், 10 மில்லிமூலர் டிரிஸ் (பி.எச்.ஐ நிலையாக வைக்கும் கரைசல்), பி.எச். 8.5, ஒரு நாள். செய்முறைகளில் 'அறை வெப்பநிலை' என்றால் 25 பாகை. நுவரெலியாவில் அது 16 அளவில்தான் நிற்கும், படலம் மெதுவாகவே வளரும். நீர்த்தொட்டி வையுங்கள். தேயிலையிலுள்ள கற்றெக்கின்கள் என்ற சேர்வைகளும் மகனீசிய அயனைப் பிடிக்கும்தான்; அதற்காகத் தொழிற்சாலைத் தூளை அவித்துத் தகட்டை அமிழ்த்த வேண்டாம். தேயிலைச் சாயம் சற்று அமிலம், செறிவும் தடவைக்குத் தடவை மாறும்.

பலரும் சறுக்கும் இடம் ஹெப்பாரின் இணைப்பு. கார்பொடைஇமைட்டு என்ற இணைப்பு வேதிப்பொருளால் அதைத் தூண்டுவது பி.எச். 5.5 அளவில் நடக்கும். தகட்டையும் அதே பாத்திரத்தில் போட்டால் ஐதரொட்சைட்டு கரைந்து, பாடுபட்டு வளர்த்த படலம் அடியோடு போகும். ஹெப்பாரினைத் தனியே 15 நிமிடம் தூண்டி, பி.எச்.ஐ 7.4க்கு மேலே உயர்த்திய பிறகே தகட்டை இறக்குங்கள்.

செங்குருதிக்கலங்கள் எவ்வளவு சிதைகின்றன என்ற சோதனைக்கு மாதிரியை 10 மில்லிலீற்றர் உப்புக்கரைசலில் 37 பாகையில் 30 நிமிடம் வைத்து, ஐதாக்கிய குருதி (குருதி 4 பங்கு, உப்புக்கரைசல் 5 பங்கு) 0.2 மில்லிலீற்றர் சேர்த்து, மேலும் ஒரு மணிநேரம். மையநீக்கியில் சுற்றி, மேல்திரவத்தை 545 நனோமீற்றரில் அளவிடுங்கள். காய்ச்சிவடித்த நீரில் வரும் சிதைவே 100%. சிதைவு 2%க்குக் கீழ் இருந்தால் நல்லது, 5%ஐத் தாண்டினால் படலத்தைக் கைவிடலாம். மேல்திரவத்தின் பி.எச்.ஐயும் குறித்துக்கொள்ளுங்கள், அது ஏறியிருந்தால் ஹெப்பாரினைக் குறை சொல்லாமல் அடிப்படலத்தைப் பாருங்கள். பழைய குருதி தானாகவே சிதைந்திருக்கும், புதிதாக எடுத்ததே வேண்டும்.

தட்டையான தகட்டில் தேறியது ஸ்டென்டில் தேறும் என்று நம்ப வேண்டாம். பலூனால் விரிக்கும்போது தடித்த, நொறுங்கும் படலங்கள் வளைவுகளில் வெடிக்கும்; நுண்வில் ஒட்சியேற்றத்தில் (மின்பொறியால் மேற்பரப்பை ஒட்சைட்டாக்கும் முறை) கிடைக்கும் பீங்கான் படலத்துக்கு இது பெரிய குறை. விரித்த பிறகும் ஒருமுறை அளவிடுங்கள்.