55 லட்சம், வாடகை 16,000

காலையில் வாட்ஸப்பில் ஒரு விளம்பரம். சென்னையில் பழைய ஃபிளாட், 55 லட்சம். வாடகை 16,000. "நல்ல வருமானம்" என்று கொட்டை எழுத்தில்.

போனிலிருக்கும் கால்குலேட்டரே போதும். வருஷ வாடகை 1,92,000. விலைக்கு 3.5%.

இனி கழிக்கணும். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் 9%. முதலீடு ஏறக்குறைய 60 லட்சம். ஒரு மாசம் காலி, மெயின்டனன்ஸ் மாசம் 2,500, சொத்து வரி ஒரு 6,000 போனால் மிச்சம் 1,40,000. அதாவது 2.3%. ஃபிக்சட் டெபாசிட் சிரிக்கும்!

வாடகை நிஜமா? அதே தெருவில் வாடகைக்கு விடப் போட்டிருக்கும் விளம்பரங்களை நோபுரோக்கர் தளத்தில் பாருங்கள். அது கேட்கும் தொகைதான், கிடைக்கும் தொகை வாட்ச்மேனுக்குத் தெரியும்.

வில்லங்கத்தை, அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சர்வே எண்ணோடு உட்பிரிவு எண்ணும் சரியாக இருக்கணும், இல்லாவிட்டால் பாதி பத்திரங்கள் வராது. சார்பதிவாளர் எல்லை மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேடுங்கள். பதிவு செய்யாத அடமானம் இதில் தெரியாது. அடமானம் வைத்திருந்தால் ஒரிஜினல் கடன் கொடுத்தவரிடம் இருக்கும்; அதனால் மூலப்பத்திரத்தின் ஒரிஜினலைக் கையில் வாங்கிப் பார்க்கணும். ஜெராக்ஸ் மட்டும் நீட்டினால் ஒரிஜினல் எங்கே என்று கேளுங்கள்.