உத்தரவு எழுதியிருந்தாலும்

ராணுவத்திலிருந்து வெளியே வருகிறவருக்கு ஊரே சில வேலைகளைச் சொல்லும். காவல் பணி, ஓட்டுநர் பணி, கிடங்கு மேற்பார்வை. செவிலியர் படிப்பை யாரும் சொல்வதில்லை. நான் அதில் சேர்ந்தபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். என்னோடு காலாட்படையில் இருந்தவர்கள், "அடிபட்டவங்களைப் பார்த்தது போதாதா உனக்கு?" என்றுதான் கேட்டார்கள். போதவில்லை என்பதே என் பதில். நான் பார்த்ததெல்லாம் அடிபட்டவரின் முதல் அரைமணி நேரம் மட்டுமே.

களத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை தெளிவானது. முதலில் பீறிடும் ரத்தத்தை நிறுத்து. கை கால் என்றால் காயத்துக்கு மேலே டூர்னிக்கே என்ற ரத்தம் நிறுத்தும் பட்டையைக் கட்டி இறுக்கு, கட்டிய நேரத்தை எழுது. பிறகு மூச்சுப்பாதை, நெஞ்சு, நாடி. உடல் குளிர்ந்துவிடாமல் போர்த்து. வண்டியோ ஹெலிகாப்டரோ வந்ததும் ஒப்படை. ரத்தம் இழந்தவருக்குக் குளிர் ஏன் எமன் என்று அப்போது எனக்குத் தெரியாது. உடல் குளிர்ந்தால் ரத்தம் உறையும் திறனும் குறைகிறது என்பதைப் பின்னால் வகுப்பறையில்தான் கற்றேன். ஒப்படைத்த பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்பது ஒருவரிச் செய்தியாக வரும், அல்லது வராது. அந்த மனிதர் எப்படி மறுபடி எழுந்து உட்கார்ந்தார், முதன்முதலில் யார் கையைப் பிடித்துக் காலூன்றினார் என்று தெரியாமலேயே என் பணிக்காலம் முடிந்தது. அந்த மீதிக் கதையில் எனக்கும் ஒரு வேலை வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத்தான் வந்தேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உடன் படித்தவர்கள் என்னில் பாதி வயதுக்காரர்கள். "அண்ணா" என்று கூப்பிட்டு, நான் திணறிய வேதியியலைப் பொறுமையாக விளக்கினார்கள். ராணுவம் பழக்கியிருந்த சில விஷயங்கள் அப்படியே கைகொடுத்தன. ஷிஃப்ட் தொடங்கியதும் ஆக்சிஜன், சக்‌ஷன் (சளியை உறிஞ்சி எடுக்கும் கருவி), அவசர மருந்து டிராலி எல்லாவற்றையும் கையால் தொட்டுச் சரிபார்ப்பது, தூக்கம் கெட்டாலும் கைப்பதற்றம் இல்லாமல் இருப்பது, செய்ததை உடனே எழுதிவைப்பது. இவற்றை யாரும் எனக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கைகொடுக்காத ஒன்றும் இருந்தது. அதுதான் பெரியது.

நோயாளியின் நிலை மோசமாகும்போது செவிலியர் மருத்துவரை அழைத்துப் பேசுவதற்கு 'எஸ்பார்' என்று ஒரு முறை உண்டு. இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று கருதுகிறேன் என நான்கு படிகள். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைக்கு வந்த முறை அது. வகுப்பில் அதைக் கேட்டபோது சொந்த வீட்டுப் பேச்சைக் கேட்டதுபோல் இருந்தது. ஆனால் பயிற்சியில் நான் மூன்றாவது படியோடு நின்றுவிடுவேன். எனக்குத் தெரிந்த பணியில் கீழே இருப்பவர் தகவல் சொல்வார், மேலே இருப்பவர் முடிவெடுப்பார். "என்ன செய்யலாம்னு நீங்க நினைக்கிறீங்க? அதைச் சொல்லாம போனை வைக்கக் கூடாது" என்று ஆசிரியை ஒவ்வொரு முறையும் காத்து நிற்பார்.

அந்த நான்காவது படியின் அர்த்தம் எனக்கு வார்டில் புரிந்தது. இதய பலவீனம் உள்ள ஒரு முதியவருக்குக் காலையில் டிகாக்ஸின் மாத்திரை எழுதப்பட்டிருந்தது. மருந்து சரி, ஆள் சரி, அளவு சரி, வேளை சரி. டிகாக்ஸின் இதயத் துடிப்பை மெதுவாக்கும் மருந்து என்பதால், கொடுப்பதற்கு முன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் பொதுவாக நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எனக்கு 52 வந்தது. மூத்த சிஸ்டரிடம் சொன்னேன். அவர் முதியவரிடம் சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டார். இரண்டு நாளாகக் குமட்டல் என்றார் அவர். அந்த மருந்து உடலில் அதிகமாகிவிட்டாலும் அப்படித்தான் குமட்டும், பசி போகும்.

"சார்ட்ல எழுதியிருக்கே சிஸ்டர்" என்றேன்.

"டாக்டர் எழுதினது நேத்து. நாடி இப்போ. இப்போ பக்கத்துல நிக்கிறது நீங்கதான். நீங்களே போன் பண்ணுங்க" என்றார்.

நான் அழைத்தேன். நான்கு படியையும் சொன்னேன். மாத்திரையை நிறுத்திவைக்கலாம், ரத்தத்தில் டிகாக்ஸின் அளவும் பொட்டாசியமும் பார்க்கலாம் என்று கருதுகிறேன் என்றேன். மறுமுனையில் மருத்துவர், "சரி, அப்படியே செய்யுங்க, நன்றி" என்றார். அவ்வளவுதான். எனக்குத்தான் கொஞ்ச நேரம் உள்ளங்கை வியர்த்திருந்தது. எழுதப்பட்ட உத்தரவு ஒன்றை நிறைவேற்றாமல் நின்று, அதற்காக நன்றி வாங்கியது என் வாழ்க்கையில் அதுவே முதல்முறை.

ராணுவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. குண்டு பாயும் இடத்தில் கேட்டுக்கொண்டு நிற்க நேரம் கிடையாது. அங்கே கீழ்ப்படிதல் உயிரைக் காப்பாற்றுகிறது, என் உயிரையும் காப்பாற்றியிருக்கிறது. வார்டில் ஆபத்து வேறு வேகத்தில் வருகிறது. படுக்கைப்புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வால் எலும்பின் மேல் ஒரு சிவப்பு, விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு. அது சத்தம் போடாது. யாரும் உத்தரவு போடுவதற்கு முன்பே அதைக் கண்டு, ஆளைப் பக்கவாட்டில் திருப்பி, குதிகாலைத் தலையணை வைத்து உயர்த்தி, ஈரத்தைத் துடைத்து, அடுத்து எப்போது திருப்ப வேண்டும் என்று எழுதிவைக்கிறவர் செவிலியர். தவறவிட்டால் சதை அழுகி எலும்பு தெரியும் அளவுக்குப் போகும். என் கண்ணுக்கு இந்தப் பார்வை வர நாளாயிற்று. வந்தபோது, களத்தில் ரத்தத்தை நிறுத்தியதற்குக் குறையாத பெருமை இதில் எனக்குக் கிடைத்தது.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் கதையையும் வயது ஏறிய பிறகுதான் சரியாகப் படித்தேன். கையில் விளக்கோடு நிற்கும் படம் மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது. 1854இல் கிரிமியப் போரின்போது துருக்கியில் இருந்த ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்கு அவர் போனார். அந்தப் போரில் சிப்பாய்களைக் காயத்தைவிட அதிகமாகக் கொன்றது நோய். 1855 வசந்த காலத்தில் சுகாதாரக் குழு ஒன்று வந்து சாக்கடைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்தைச் சீராக்கிய பிறகு இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஊர் திரும்பிய நைட்டிங்கேல் அந்த எண்களை வரைபடமாக்கி, தடுத்திருக்கக்கூடிய மரணங்கள் இவை என்று ராணுவத்திடமே காட்டினார். ஒரு படைவீரனாக இதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. எங்களைப் போன்றவர்களுக்காக மேலிடத்தோடு வாதாடியவர் ஒரு செவிலியர்.

ஆண் என்பதால் சில இடங்களில் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. பெண் நோயாளிக்கு உடல் துடைக்கவோ சிறுநீர் வெளியேற்றும் கேத்தீட்டர் குழாய் போடவோ வேண்டியிருந்தால் முதலில் கேட்பேன், வேண்டாம் என்றால் சக சிஸ்டரை அழைப்பேன். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, உடல் அவருடையது. இந்தத் தொழிலுக்கு ஆண்கள் புதியவர்கள் என்ற எண்ணத்துக்குச் சட்டங்களும் காரணம். அமெரிக்க ராணுவத்தின் செவிலியர் பிரிவில் ஆண்கள் அதிகாரிகளாகச் சேர 1955இல்தான் வழி திறந்தது. அதுவரை தகுதி பெற்ற ஆண் செவிலியர்களுக்கு அங்கே அந்த இடம் இல்லை.

நோயாளி "வேண்டாம்" என்று சொல்வதை ஏற்கப் பழகுவதும் இதே பாடத்தின் இன்னொரு பக்கம். சுயநினைவோடு, விளைவு தெரிந்து மறுக்கிறவரின் மேல் எனக்கு அதிகாரம் இல்லை. உட்கார்ந்து பேசலாம், ஏன் என்று கேட்கலாம், வலியா பயமா என்று தெரிந்துகொள்ளலாம், பிறகு வந்து மறுபடி கேட்கலாம். பல நேரம் இரண்டாம் முறை சம்மதம் கிடைக்கிறது, ஏனென்றால் முதல்முறை யாரும் அவருக்கு விளக்கியிருக்க மாட்டார்கள்.

படையிலிருந்து வெளியே வரப்போகிற தம்பிகள் சிலர் இப்போது என்னிடம் இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். வயதை நினைத்துத் தயங்க வேண்டாம் என்கிறேன். சேருவதற்கு முன் எங்காவது உதவியாளராகச் சில இரவு ஷிஃப்டுகள் பார்த்துவிடுங்கள், மலமும் வாந்தியும் துடைக்க மனம் ஒப்புகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். நேர்முகத்தில் எத்தனை பேரை வழிநடத்தினீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பணிக்காலத்தில் ஏதோ ஒன்று சரியில்லை என்று கண்டு, உங்களைவிடப் பெரியவரிடம் போய் அதைச் சொன்ன ஒரு சந்தர்ப்பம் இருந்தால், அதைப் பொறுமையாக, முழுதாகச் சொல்லுங்கள்.