கொச்சிக்குப் போன கமாண்டோக்களும் கொல்லங்கோட்டு மாமனும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழிஞ்சாம்பாறை வீட்டில் 'த சீ வுல்வ்ஸ்' போட்டார்கள். 1980ல் வந்தது. கிரிகரி பெக், ரோஜர் மூர், டேவிட் நிவன். யுத்தப் படம்தான், ஆனால் கிண்டலடித்துக்கொண்டே குண்டு வைப்பார்கள். இரண்டு மணி நேரப் படம், விளக்கு வைக்கிற நேரம் ஆகியும் கோவா போய்ச் சேரவில்லை. ரிமோட் சித்தப்பா கையில்.

கதை நடந்த கதைதான். 1939ல் யுத்தம் மூண்டதும் மூன்று ஜெர்மன் கப்பல்கள் மர்மகோவா துறைமுகத்தில் ஒதுங்கின, பின்னால் ஒரு இத்தாலியக் கப்பலும். கோவா அப்போது போர்ச்சுக்கல் கையில், போர்ச்சுக்கலோ நடுநிலை. பட்டாளத்தை அனுப்பினால் வம்பு. ஆனால் 'ஏரன்ஃபெல்ஸ்' கப்பலில் ஒளித்து வைத்த வயர்லெஸ் நீர்மூழ்கிகளுக்குத் துப்புக் கொடுக்கிறது என்று பிரிட்டிஷ் உளவாளிகளுக்குச் சந்தேகம். ஆகவே கல்கத்தா லைட் ஹார்ஸில் ஆள் பிடித்தார்கள். பேருக்குத்தான் குதிரைப்படை. ஆபீஸ் முடிந்து கிளப்பில் கிளாஸ் பிடிக்கிற வெள்ளைக்காரத் துரைகள், பலருக்குத் தொப்பை. அந்தப் படை கடைசியாகச் சண்டை பார்த்தது தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில். அதிலிருந்து 14 பேர், கல்கத்தா ஸ்காட்டிஷ் என்ற இன்னொரு படையிலிருந்து 4 பேர்.

கிடைத்த கப்பல் 'ஃபீபி', தூர் வாரிய சேற்றைக் கடலில் கொட்டும் ஹாப்பர் பார்ஜ்.

"டிப்பர் லாரிங்களா?" என்றாள் சித்தி, பீன்ஸ் நறுக்கியபடி.

"டிப்பர் பின்னால கொட்டும். இதுக்கு அடியில கதவு, தொறந்தா மொத்தமும் கீழ எறங்கும்."

அது இந்தியாவைச் சுற்றி ஊர்ந்து கொச்சிக்கு வந்தது. மற்றவர்கள் ரயிலில் வந்து அங்கே ஏறிக்கொண்டார்கள். படம் நின்றது இங்கேதான்.

"அந்த ரயிலு எங்க கொல்லங்கோட்டு வழியாத்தானுங் மச்சா போயிருக்கும்" என்றார் மாமா.

முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்த சித்தப்பாவிடம் சொல்லலாமா? காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பி, ரயில் பாதையை வரைய ஆரம்பித்துவிட்டார். சம்பவம் நடந்த 1943ல் கொங்கண் ரயில் கிடையாது, மங்களூரோடு தண்டவாளம் முடிந்தது. எர்ணாகுளத்துக்குத் தெற்கே கோட்டயம் பாதை 1956ல்தான். ஆக, கொச்சிக்கு ஒரே வாசல் ஷொர்ணூர். கிழக்கிலிருந்து ஷொர்ணூருக்கு போத்தனூர், வாளையார், ஒலவக்கோடு.

"எங்கூரு வழியாப் போற பொள்ளாச்சிப் பாதை 1932லயே வந்துருச்சுங்களே?"

"வந்துச்சு மாப்ளே, மீட்டர் கேஜ், குறுகலான தண்டவாளம். சென்னையில எறங்கி எழும்பூருக்குப் போயி, திண்டுக்கல்ல மாறி, பாலக்காட்டுல இன்னொருக்கா மாறோணும். ரகசியமாப் போறவன் பெட்டி படுக்கையத் தூக்கிட்டு ஊர் ஊரா எறங்குவானா?"

மாமா பீன்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அப்புறம் படம் ஓடியது, 1943 மார்ச் 9 ராத்திரி வரைக்கும். கப்பல் அதிகாரிகளைக் கரையில் ஒரு விருந்துக்கு இழுத்தாகிவிட்டது. மாலுமிகளுக்கு என்ன இலவசம் என்பதைச் சித்தப்பா சட்டென ஓட்டிவிட்டார், சித்தி நிமிர்ந்து பார்த்தாள். 'ஏரன்ஃபெல்ஸை'ப் பிடித்து இழுத்து வருவதுதான் திட்டம். கப்பல்காரர்கள் முந்திக்கொண்டார்கள். வால்வைத் திறந்து தண்ணீரை விட்டு, தீயும் வைத்துவிட்டார்கள். அந்தத் தீயைப் பார்த்த மற்ற மூன்று கப்பல்காரர்களும், அடுத்தது நாம்தான் என்று தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள். பதினெட்டுப் பேர் போய் ஒரு கப்பலில் ஏற, நாலும் காலி. இந்தச் சமாச்சாரம் 1978 வரைக்கும் வெளியே வரவில்லை. துரைகளுக்குச் சம்பளமும் இல்லை, மெடலும் இல்லை.

"மெடலு கெடக்குதுங் மச்சா" என்றார் மாமா. "கமாண்டோ எங்கூரு வழியா வராட்டிப் போறான். ராமேஸ்வரத்துக்கு வண்டி வந்துச்சு. அகலப் பாதையாக்கறோம்னு 2008ல மூடி 2015ல தொறந்தீங்க. அப்பவே அந்த வண்டியத் திரும்ப உடலீங்களே, ஏனுங்க?"

"நான் அப்பவே ரிட்டயர்டு மாப்ளே."

"அதெல்லாந் தெரியாது. தாளத் திருப்புங்க, அதையும் வரஞ்சு காட்டுங்க."