நீலம் எவ்ளோ

ஜூலை 2

வார்டுல உக்காந்து அப்பாவோட வலது கைய வரைஞ்சேன். பதினோரு தடவ. கட்டைவிரலுக்குக் கீழ இருக்கிற அந்த மேடு மட்டும் வரவே மாட்டேங்குது. முப்பது வருஷம் வண்ணாந்துறையில துணிய கல்லுல அடிச்ச கை, இப்ப போர்வை மேல கிடக்கு, வரைஞ்சா தூங்குறவர் கை மாதிரி வருது. அவரு முழிச்சிட்டுதான் இருந்தாரு, என்னையே பார்த்துட்டு.

ஜூலை 5

சனிக்கிழமை பிள்ளைங்க பதினாலு பேரு வந்தாங்க. இன்னைக்கு வண்ணான் குறி. முன்ன துணியில யாரும் பேரு எழுத மாட்டாங்க, ஒரு கோடு ரெண்டு புள்ளி போட்டா அது இன்ன வீட்டுத் துணி, அவ்ளோதான், நூறு வீட்டுக் குறியும் அப்பா மனசுல இருந்துச்சு, நோட்டுப்புத்தகம்னு ஒண்ணு அவர்கிட்ட நான் பார்த்ததே இல்ல. சேங்கொட்டைச் சாறுல போட்டு மேல சுண்ணாம்பு வச்சா எத்தன வெளுப்பு வெளுத்தாலும் போகாது. ஆனா அந்தச் சாறு தோல்ல பட்டா கொப்பளிச்சிரும், அதனால பிள்ளைங்களுக்கு சீன மையும் மூங்கில் குச்சியும் குடுத்தேன்.

ஒரு பையன் மூணு புள்ளி வச்சான். பாட்டி, அம்மா, நான்னான். பக்கத்துல ஒரு சின்ன வட்டம். அது என்னடான்னேன். பூனையாம். நாங்க படம் போடப்போற சந்துச் சுவர்ல மொதல்ல போகப்போறது அவன் குறிதான்.

ஜூலை 6

ஒண்ணும் வரையல.

ஜூலை 9

கடைத்தெருவுக்குப் பின்னால இருக்கிற அந்தச் சந்துச் சுவர இன்னைக்கு சுரண்டினோம். பழைய செங்கல், சுண்ணாம்புப் பூச்சு. யாரோ எப்பவோ மேல எமல்ஷன் அடிச்சிருக்காங்க, உள்ள ஏறுற ஈரம் வெளிய வர வழியில்லாம அப்பளம் மாதிரி உப்பி நிக்குது, தட்டினா உப்பு பொடிப்பொடியா கொட்டுது. இந்தச் சுவருக்கு சுண்ணாம்புதான் அடிக்கணும், சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை போச்சு. பினாங்கு ஜார்ஜ்டவுன் 2008-ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல வந்த ஊரு, இதையாவது ஒழுங்கா பண்ணுவோமேன்னுதான். சுவர்ல வரைய பெர்மிட் இன்னும் வரல.

வர்ற வழியில லெபோ ஆர்மேனியன் தெருவுல அந்த சைக்கிள் பிள்ளைங்க சுவரு முன்னாடி படம் எடுக்க நீளமா வரிசை. 2012-ல எர்னஸ்ட் சகாரெவிச் வரைஞ்சது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், சுவர்லயும் படம் போடலாம்னு எனக்குத் தைரியம் வந்ததே அதப் பார்த்துதான். எங்க சுவர்ல வண்ணாந்துறையில வளர்ந்த ஒரு பாட்டி வந்து நின்னு "இது எங்க வீட்டுக் குறி"ன்னு சொல்லணும். எனக்கு அது போதும்.

சாயங்காலம் சின்னதா ரெண்டு நீலம் தடவிப் பார்த்துட்டு வந்தேன்.

ஜூலை 11

பிரஷ்யன் நீலம் தடவின இடம் துரு மாதிரி பழுப்பா நிக்குது! சுண்ணாம்பு அத தின்னுரும்னு தெரியாம நாப்பது ரிங்கிட் குடுத்து டியூப் வாங்கினேன். பக்கத்துல மளிகைக்கடை நீலக்கட்டிய கரைச்சு அடிச்சது அப்படியே இருக்கு. அது அல்ட்ராமெரீன், 1820-கள்ல பிரான்சுல செயற்கையா செய்யக் கத்துக்கிட்ட சாயம், சுண்ணாம்புக்கு அசையாது. லெய்த் தெரு நீல மாளிகையில அவுரிய சுண்ணாம்புல கலந்து அடிச்சிருக்காங்க, அதுவும் அழகுதான், ஆனா எனக்கு வேணும்கிறது அப்பா பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு அடிச்ச நீலம்.

ஒரு வாளிக்கு எவ்ளோன்னு நான் கேட்டு வச்சுக்கவே இல்ல.

ஜூலை 12

சித்தப்பாவுக்கும் தெரியல. "உங்கப்பா துணில முடிஞ்சு முக்குவான்மா, கை பார்த்துதான்"னாரு.

ஜூலை 14

ஏழு வாளி, ஏழு அளவு. சுண்ணாம்புல நீலம் ஈரத்துல ஒண்ணு, காஞ்சா வேற ஒண்ணு, வெளிறிப்போகும், அதனால நேத்து ராத்திரியே அட்டையில அடிச்சு ஃபேன் போட்டு காயவச்சு எடுத்துட்டுப் போனேன். நர்ஸ் மிஸி முறைச்சாங்க. அப்பாகிட்ட ஒண்ணொண்ணா காட்டினேன். தலைய ஆட்டுறாரு, இல்ல. இல்ல. ஏழும் இல்ல. பேச்சுதான் வரலயே தவிர கண்ணுல கோவம் நல்லா வருது. எனக்கு அழுகை வந்துருச்சு, பாத்ரூம்ல போய் அழுதுட்டு மூஞ்சக் கழுவிட்டு வந்தா எடது கைய போர்வையில வச்சு இழுக்குறாரு. ஒரு கோடு. ஒரு புள்ளி. திரும்ப அதே. யார் வீட்டுக் குறி அப்பான்னு கேட்டா கண்ண மூடிக்கிட்டாரு.

ஜூலை 15

ஒரு கோடு ஒரு புள்ளி. வண்ணாந்துறையில நாலு வீடு ஏறி எறங்கினேன். பசியாறக்கூட இல்ல.

ஜூலை 17

அலமாரியில அப்பாவோட வேட்டி, அவரே வெளுத்து நீலம் போட்டது. முந்தியில உள்பக்கம், ஒரு கோடு ஒரு புள்ளி.

ஜூலை 18

பெர்மிட் வந்துருச்சு. வேட்டிய ஜன்னல்ல விரிச்சுப் போட்டு அதுக்குப் பக்கத்துல வச்சு ராத்திரி பூரா கலக்குறேன், மூணாவது வாளி கிட்டக்க வருது, இன்னும் ஒரு முக்கு வேணுமான்னு தெரியல. காலைல ஆறு மணிக்கே போய் சுவர நனைக்கணும், வெயில் ஏறுனா சுண்ணாம்பு புடிக்காது.